ஓசோன் வாயுவும் இளம் காட்டு மரங்களும்

மரங்களுக்கும் பயிர்களுக்கும் நேரிடும் சேதங்களில் பெரும்பாலானவற்றின் காரணம் கண்ணுக்குப் புலப்படும். பூச்சி தின்ற இலையில் அதன் எச்சம் கிடக்கும். பூஞ்சணம் பற்றிய இலையில் அதன் பொடி படிந்திருக்கும். தண்ணீரின்றி வாடும் கன்றைப் பார்த்தமாத்திரத்தில் எவரும் காரணம் சொல்லிவிடுவர். நிறமற்ற ஒரு வாயு காற்றோடு காற்றாக வந்து, இலைக்குள் புகுந்து, அங்கேயே அழிந்துபோய், மரத்தின் வளர்ச்சியை மட்டும் குறைத்துவிடுமானால், அதைக் கண்டுபிடிப்பது அவ்வளவு எளிதன்று. ஓசோன் என்னும் வாயு அத்தகையது. கந்தகப் புகையினாலோ செங்கற் சூளையின் புகையினாலோ கெட்ட இலையை ரசாயன சாலைக்கு அனுப்பினால், அதில் கந்தகமோ புளோரினோ மிகுந்திருப்பதை எடுத்துக் காட்டலாம். ஓசோனால் கெட்ட இலையில் அவ்விதம் எடுத்துக் காட்டத்தக்க மிச்சம் ஒன்றும் இராது.

மரம் நடுவோர் இருபது, முப்பது வருஷங்களுக்குப் பின் வரும் பலனை எண்ணியே நடுகிறார்கள். ஆகையால் முதற் சில வருஷங்களில் கன்று அடையும் நஷ்டம் அப்பொழுது தெரியாமற் போனாலும், முடிவில் தோப்பின் மதிப்பில் வந்து நிற்கும். அமெரிக்காவிலுள்ள கலிபோர்னியா ராஜ்யத்தின் மலைக்காடுகளில் இது பெரிய அளவில் நேர்ந்தது. அதன் விவரம் அறியத்தக்கது.

ஓசோன் உண்டாகும் விதம்

சாதாரணப் பிராணவாயுவின் துகளில் இரண்டு அணுக்கள் உள்ளன. ஓசோனின் துகளில் மூன்று. மின்சார யந்திரங்கள் ஓடும் இடத்திலும், இடி மின்னலுக்குப் பின்னரும் சில சமயங்களில் ஒரு காரமான வாசனை வீசுவதுண்டு. பாசல் நகரத்தில் ஆசிரியராயிருந்த ஷோன்பைன் என்னும் ரசாயன சாஸ்திரி அவ்வாசனைக்குரிய பொருளை ஆராய்ந்து, 1840-ம் வருஷத்தில், வாசனை வீசுதல் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து இதற்குப் பெயரிட்டார்.

பூமிக்கு மேலே 10 மைல் முதல் 20 மைல் வரையிலுள்ள உயரத்தில் பரவி நின்று, சூரியனுடைய தீய கிரணங்களைத் தடுத்து ஜீவராசிகளைக் காப்பதும் இதே வாயுதான். அங்கே அது குறைவது ஆபத்து. தரைமட்டத்தில் அது மிகுவது ஆபத்து. இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வோர் பலர்.

தரைமட்ட ஓசோன் எந்தப் புகைபோக்கியிலிருந்தும் நேரே வெளிவருவதன்று. மோட்டார் வண்டிகள், அனல் மின்சார நிலையங்கள், உலைகள் முதலியவற்றில் எரிபொருள் மிகுந்த சூட்டில் எரியும்போது காற்றிலுள்ள நைட்ரஜனும் பிராணவாயுவும் கூடி நைட்ரஜன் ஆக்ஸைடுகள் பிறக்கின்றன. எரியாத பெட்ரோல் ஆவியும், வர்ணம் முதலியவற்றின் ஆவிகளும் இவற்றோடு சேர்கின்றன. இக்கலவையின்மேல் வெயில் படும்போது நைட்ரஜன் டயாக்ஸைடிலிருந்து ஓர் அணுப் பிராணவாயு பிரிந்து, பக்கத்திலுள்ள சாதாரணப் பிராணவாயுவுடன் கூடி ஓசோனாகிறது. வெயிலும் உஷ்ணமும் மிகுந்து, காற்று அசையாத நாட்களில் இது அதிகம், மழைக்காலத்தில் குறைவு. அறுவடைக்குப் பின் வைக்கோலையும் தாளையும் வயலிலேயே கொளுத்துவதாலும், சருகையும் குப்பையையும் எரிப்பதாலும் இந்த மூலப்பொருள்கள் காற்றிற் சேர்கின்றன என்பதைக் கிராம அதிகாரிகள் நினைவில் வைக்கலாம்.

ஆச்சரியமான விஷயம் ஒன்றுண்டு. வாகனங்கள் நெருங்கிய நகரத்தின் நடுவில் புதிதாக வெளிவரும் நைட்ரிக் ஆக்ஸைடு ஓசோனை விழுங்கிவிடுகிறது. ஆகையால் நகரத்தில் இரவில் ஓசோன் பெரும்பாலும் மறைந்துவிடும். அந்நகரத்திலிருந்து காற்று வீசும் திசையில் பல மைல் தூரத்திலுள்ள நாட்டுப்புறத்திலும் மலைச்சரிவிலுமோ பிற்பகலில் அது உச்ச அளவை அடைந்து, விழுங்குவதற்கு வேறு வாயு இல்லாமையால் இரவிலும் தங்கிவிடுகிறது. குற்றம் ஓரிடத்தில், தண்டம் வேறிடத்தில் என்பது போன்றது இது. மரங்கள் தாமும் சில ஆவிகளை வெளியிடுவது உண்மையே. ஆயினும் நைட்ரஜன் ஆக்ஸைடு இல்லாத காற்றில் அவற்றால் ஓசோன் மிகுவதில்லை. மரத்தின்மேற் பழி போடுவது பொருந்தாது.

சான் பெர்னார்டினோ மலையில் நேர்ந்தது

லாஸ் ஏஞ்ஜலிஸ் நகரத்தில் 1943-ம் வருஷத்துக் கோடையில் ஒரு நாள் கண்ணை எரிக்கும் பழுப்பு மூட்டம் சூழ்ந்தது. செயற்கை ரப்பருக்கான சரக்குத் தயாரிக்கும் ஓர் ஆலையின்மேல் ஜனங்கள் குற்றஞ் சாட்டினார்கள். அவ்வாலையின் வேலை நிறுத்தப்பட்ட பின்பும் மூட்டம் வந்துகொண்டேயிருந்தது. அடுத்த வருஷம் அப்பிராந்தியத்துத் தோட்டக்காரர்கள் தங்கள் கீரைகளின் இலைகள் வெள்ளி பூசியதுபோல் பளபளத்துக் கருகுவதைக் கண்டார்கள். நகரவாசிகள் கண்ணெரிச்சலைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கையில், பயிர்கள் காற்றின் கேட்டைத் தெளிவான அடையாளங்களுடன் எழுதிக் காட்டின என்று சொல்லலாம்.

ஆலந்து தேசத்திற் பிறந்து, கலிபோர்னியாவில் அன்னாசிப் பழத்தின் வாசனையை ஆராய்ந்துகொண்டிருந்த ஹாகன் ஸ்மிட் என்னும் ரசாயன நிபுணர் இம்மூட்டத்தைப் பரிசோதிக்க அழைக்கப்பட்டார். பெட்ரோல் ஆவியும் நைட்ரஜன் ஆக்ஸைடும் வெயிலிற் கூடுவதால் ஓசோன் பிறக்கிறது என்பதை 1950-க்குப் பின் சில வருஷங்களுக்குள் அவர் விளக்கினார். முறுக்கி இழுத்த ரப்பர்த் துண்டு ஓசோன் பட்டால் வெடிக்கும். எவ்வளவு நேரத்தில் வெடிக்கிறது என்பதைக் கொண்டே அதன் அளவு அக்காலத்தில் மதிப்பிடப்பட்டது.

அந்நகரத்துக்குக் கிழக்கே 50, 60 மைல் தூரத்தில் சான் பெர்னார்டினோ மலை உள்ளது. கடற்காற்று நகரத்தின் காற்றைப் பகல் முழுவதும் கிழக்கே தள்ளுகிறது. வெயிலிற் காய்ந்த மலைச்சரிவு அதை மேலே இழுக்கிறது. அங்கே 5,000 அடிக்கு மேல் பாண்டரோசா பைன், ஜெப்ரி பைன் ஆகிய மரங்கள் அடர்ந்த காடு. ஊசி போன்ற அவற்றின் இலைகள் நல்ல நிலையில் மூன்று, நான்கு வருஷங்களோ அதற்கு மேலுமோ உதிராமல் நிற்பவை. 1950-க்குப் பின் அம்மரங்களின் ஊசிகள் நுனியிலிருந்து மஞ்சள் திட்டுக்கள் படர்ந்து, ஓரிரண்டு வருஷங்களிலேயே உதிரலாயின. கிளைகள் மொட்டையாகி நுனியில் மட்டும் ஒரு கொத்து இலை நின்றது. காரணம் விளங்காமையால் அதற்கு ‘எக்ஸ் நோய்’ என்று பெயரிட்டிருந்தார்கள். தெரியாத எண்ணுக்குக் கணிதத்தில் இடும் எழுத்து அது.

பால் மில்லர் என்பவரும் அவருடன் உழைத்தவர்களும் நல்ல ஆரோக்கியமுள்ள பாண்டரோசா இலைகளுக்கு அளவிட்ட ஓசோனைச் செலுத்தி, மலையிற் கண்ட அதே மஞ்சள் திட்டுக்கள் தோன்றுவதை 1963-ம் வருஷத்தில் வெளியிட்டார்கள். எக்ஸ் நோயின் பெயர் அன்றோடு மறைந்தது. 1969-ம் வருஷத்தில் ஆகாயத்திலிருந்து பிடித்த வர்ணப் படங்களைக் கொண்டு கணக்கிட்டபோது, ஒரு லக்ஷம் ஏக்கருக்கு மேற்பட்ட பரப்பில் சுமார் 13 லக்ஷம் பைன் மரங்கள் இக்கேட்டுக்கு உட்பட்டிருப்பது தெரிந்தது.

அம்மரங்களில் ஓசோனால் நேரே மடிந்தவை என்று சொல்லத்தக்கவை சிலவே. இலை குறைந்த மரத்தில் பிசின் சுரப்பது குறைகிறது. பட்டையைத் துளைக்கும் வண்டு வந்தால் அதைப் பிசினில் அமுக்கித் தள்ளும் சக்தி அந்த மரத்துக்கு இல்லை. ஆகவே மரண விசாரணையில் வண்டின் பெயர் எழுதப்பட்டது. பைன் மடிந்த இடங்களில், ஓசோனை அதிகம் தாங்கும் வெள்ளை ‘பர்’ மரமும் ‘இன்சென்ஸ் சீடர்’ மரமும் நெருங்கி வளர்ந்தன. தடித்த பட்டையுடைய முதிர்ந்த பாண்டரோசா தரைத்தீயைத் தாங்கும். இவற்றின் இளமரங்களோ தாழ்ந்த கிளைகளின் வழியே தீயை உச்சிக்கு ஏற்றிவிடும். காற்றின் ஒரு வாயு, நாற்பது ஐம்பது வருஷங்களில், காட்டின் ஜாதி முறையையும் அதன் தீயின் சுபாவத்தையும் மாற்றத் தொடங்கிற்று.

பிற்காலத்தில் கலிபோர்னியாவில் வாகனப் புகையைக் குறைக்கும் சட்டங்கள் கண்டிப்பாக அமுல் நடத்தப்பட்டதன் பலனாக ஓசோனின் உச்ச அளவு பெரிதும் இறங்கியது. அம்மலையில் உயிர்தப்பிய பைன்களில் இலைக்கேடு குறைந்து வந்ததும் கண்டறியப்பட்டது.

இலைக்குள்ளும் வேரிலும் நடப்பது

இலையின் புறத்தோல் ஓசோனுக்கு அநேகமாக வழிவிடாது. கரியமிலவாயுவை உட்கொள்வதற்காகத் திறந்திருக்கும் நுண்ணிய இலைத்துவாரங்களின் வழியே அது உட்புகுகிறது. மரம் உணவுக்காகத் திறக்கும் வாயிலே விஷத்துக்கும் வாயிலாகிறது. உள்ளே ஈரமான உயிரணுச் சுவர்களைத் தொட்டவுடன் ஓசோன் சிதைந்து, வேறு கொடிய பொருள்களாக மாறுகிறது. நெல்லிக்கனியில் மிகுந்துள்ள வைட்டமின் ‘சி’ இலைகளிலும் உண்டு. அது முதற் காவலாக நின்று இவற்றை அடக்குகிறது. காவலுக்கு மிஞ்சி ஓசோன் வரும்போது உயிரணுவின் மெல்லிய உறை கெட்டு, பச்சையம் குறைந்து, கரியமிலவாயுவைப் பற்றி உணவாக்கும் புரதமும் தேய்ந்து, இலை காலத்துக்கு முன்னே மூப்படைகிறது. நாட்கணக்கில் சிறிது சிறிதாக வந்தாலும் இந்த நஷ்டம் கூடிக்கொண்டே போகும்.

வெளியே புள்ளியும் திட்டும் தோன்றுவதற்கு முன்பே, தரைக்குக் கீழே வேறொரு நஷ்டம் ஆரம்பித்துவிடுகிறது. இலை தயாரிக்கும் சர்க்கரையில் ஒரு பங்கு கெட்ட பாகங்களைச் செப்பனிடச் செலவாகிறது. புது இலைகளுக்கும் ஒரு பங்கு வேண்டும். மிஞ்சியதே வேருக்குப் போகிறது. மரத்தின் உணவு வாய்க்காலில் வேரே கடைமடை. தலைமடையில் தண்ணீர் குறைந்த வருஷத்தில் கடைமடை வயல் எப்படிக் காயுமோ, அப்படியே வேர் பட்டினி கிடக்கிறது. ஒரு கோடை முழுவதும் ஓசோனுக்கு உட்பட்ட பாண்டரோசா நாற்றுக்களை அடுத்த வசந்தகாலத்தில் பரிசோதித்தபோது, வேரிற் சேர்ந்திருந்த மாவுப்பொருளும் சர்க்கரையும் குறைந்து, புதிய வேர் விடுவதும் குறைந்திருந்தது. சென்ற வருஷத்துக் காற்றின் கேடு இந்த வருஷத்து வேரிற் காணப்பட்டது. இத்தகைய நாற்றைப் பிடுங்கிக் குழியில் நட்டால், மேற்பார்வைக்குப் பசுமையாயிருந்தும் அது வறட்சியைத் தாங்காது. நட்டவர் மழையைக் குறை கூறுவார். சில ஜாதிகளில் ஓசோன் பட்ட இலைத்துவாரங்கள் வறண்ட நேரத்திலும் சுருக்காக மூடிக்கொள்வதில்லை. அதனால் நீர் வீணாவது மற்றொரு கேடு.

இளமையில் சேதம் மிகுவதேன்

எல்லா ஜாதிகளிலும் இளங்கன்றே அதிகம் பாதிக்கப்படும் என்று பொதுவாகச் சொல்லிவிடக் கூடாது. உலகத்திலேயே மிகப் பருத்த மரமாகிய கலிபோர்னியாவின் பெரிய செக்கோயா, முதிர்ந்தபின் ஓசோனை நன்கு தாங்குகிறது. ஆனால் அதன் முளைத்த நாற்றுக்கள் எளிதில் கெடுகின்றன. இதற்கு மாறாக அமெரிக்கச் செவ்வோக் மரத்தில் நாற்றைவிட முதிர்ந்த மரமே அதிகப் பாதிப்பை அடைந்தது. வயதைக் காட்டிலும் இலைத்துவாரங்கள் எவ்வளவு திறந்திருக்கின்றன, எவ்வளவு வாயுவை உள்ளே விடுகின்றன என்பதே முக்கியம். வேகமாக வளரும் ஜாதிகள் துவாரங்களை அகலத் திறப்பவை. ஆகையால் பெரும்பாலும் அவையே அதிக ஓசோனை உட்கொள்ளுகின்றன.

இதிலிருந்து நாற்றங்கால் வைத்திருப்போர் அறிய வேண்டிய ஒன்று உண்டு. வறண்ட நிலத்திலுள்ள கன்று நீரைக் காப்பதற்காகத் துவாரங்களை மூடிக்கொள்ளும்; ஓசோனும் உட்புகாது. வேளை தவறாமல் தண்ணீர் பாய்ச்சிய பாத்தியிலுள்ள கன்றோ துவாரங்களைத் திறந்தே வைத்திருக்கும். நன்றாகப் பராமரித்த பாத்தியில் புள்ளி அதிகமாகவும், பராமரிப்பற்ற பாத்தியில் குறைவாகவும் காணப்பட்டால், பராமரித்தவன்மேற் குற்றஞ் சொல்லலாகாது. இதற்காகத் தண்ணீரை நிறுத்துவதும் புத்தியன்று. வறட்சியின் கேடு ஓசோனின் கேட்டைவிடப் பெரிது.

ஆயினும் பொதுவில் இளங்கன்றுக்கு ஒரு பலவீனம் உண்டு. முதிர்ந்த மரத்துக்குப் பல வருஷத்துச் சேமிப்பு இருக்கிறது. கன்றுக்கு இருப்பது அவ்வருஷத்து இலைகளும் ஒரு சாண் வேரும்தான். நெருங்கிய காட்டில் பக்கத்துக் கன்று அரை அடி முந்திவிட்டால், பிந்திய கன்று அதன் நிழலில் அகப்பட்டு, பின்பு எழும்புவதே அரிதாகிறது.

விஸ்கான்சின் பரிசோதனை

கூண்டுக்குள் வைத்து நடத்தும் பரிசோதனைகளில் உஷ்ணமும் காற்றோட்டமும் மாறிவிடுவதாக ஒரு குறை சொல்லப்பட்டு வந்தது. அது நேராதபடி, அமெரிக்காவின் விஸ்கான்சின் ராஜ்யத்தில் ரைன்லாண்டர் என்னும் ஊருக்கு அருகே, திறந்த வெளியிலேயே 12 வட்டமான தோட்டங்கள் அமைக்கப்பட்டன. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 100 அடி குறுக்களவுள்ளது. 1997-ம் வருஷத்தில் ஆஸ்பென், பிர்ச், மேபிள் ஆகிய கன்றுகள் நடப்பட்டு, சுற்றிலும் நாட்டிய குழாய்களின் வழியே 1998 முதல் 2009 வரை சில வட்டங்களுக்கு ஓசோனும், சிலவற்றுக்குக் கரியமிலவாயுவும், சிலவற்றுக்கு இரண்டும் செலுத்தப்பட்டன. செலுத்திய ஓசோன் அவ்விடத்துக் காற்றிலுள்ளதைப் போல ஏறக்குறைய ஒன்றரைப் பங்குதான்.

முதற் சில வருஷங்களிலேயே ஓசோன் வட்டத்து ஆஸ்பென் கன்றுகள் உயரத்திலும் பருமனிலும் பின்தங்கின. கரியமிலவாயு மிகுதியால் உண்டாகவேண்டிய கூடுதல் வளர்ச்சியை ஓசோன் பெரும்பாலும் தின்றுவிட்டது. அவ்விலைகளில் துரு நோய் மூன்று முதல் ஐந்து மடங்கு அதிகரித்தது. இலையின் மேற்புற மெழுகு மாறியதால் பூஞ்சண வித்துக்கள் எளிதில் தங்கின என்று கருதப்பட்டது. அசுவுணியும் பெருகியது, அதைத் தின்னும் பூச்சிகள் குறைந்தன. ஓசோனின் வேலையைக் கணக்கிட வருவோர் துருவையும் அசுவுணியையும் கண்டு திரும்பிவிடக் கூடும் என்பதற்கு இது நல்ல திருஷ்டாந்தம்.

அடையாளங்கள்

அகன்ற இலையுள்ள மரங்களில், நரம்புகளுக்கு இடையே இலையின் மேற்புறத்தில் மட்டும் ஊதாவோ பழுப்போ ஆன மிக நுண்ணிய புள்ளிகள் நெருங்கித் தோன்றும். நரம்பு பச்சையாகவே நிற்கும். நுனியிலுள்ள புதிய இலையைவிட அடியிலுள்ள பழைய இலையில் புள்ளி அதிகம். ஓர் இலையின்மேல் மற்றோரிலை படிந்து நிழலாயிருந்த இடத்தில் புள்ளி இராது. பூதக்கண்ணாடியால் அடிப்புறத்தைப் பார்க்கும்போது நூலாம்படையும் சட்டைகளும் தெரிந்தால் அது சிலந்திப் பேனின் வேலை. புள்ளிக்குள் கரிய பொடியோ வளையமோ இருந்தால் பூஞ்சணம். உப்பினாலோ வறட்சியாலோ வருவது இலையின் ஓரத்திலிருந்து கருகும். அமெரிக்காவின் கிழக்குப் பக்கத்துக் காடுகளில் கருஞ்செர்ரி மரத்தின் இலைகளையே ஓசோனின் சாட்சியாக வைத்து ஆண்டுதோறும் பார்த்து வந்திருக்கிறார்கள்.

எவ்வளவு ஓசோன் கேடு செய்யும் என்பதை ஐரோப்பிய தேசங்கள் ஒரு கணக்கால் மதிப்பிட்டிருக்கின்றன. நூறு கோடிப் பங்கு காற்றில் 40 பங்கு வரையிலுள்ள ஓசோனைத் தள்ளிவிட்டு, அதற்கு மேற்பட்டதைப் பகல் நேரத்துக்கு மணிக்கு மணி கூட்டிக்கொண்டு வரவேண்டும். வளரும் பருவத்தில் கூட்டுத்தொகை 5,000-ஐத் தாண்டினால் மரங்களுக்குக் கேடு தொடங்கும் என்பது அவர்கள் வைத்த எல்லை. ஓசோன் 60 பங்காக ஒரு நாளில் 10 மணி நேரம் நின்றால் அன்றைய கணக்கு 200. அத்தகைய நாட்கள் 25 வந்தால் எல்லை எட்டிவிடும். பீச், பிர்ச் ஆகியவற்றின் இளங்கன்றுகளைக் கொண்டே இவ்வெல்லை நிர்ணயிக்கப்பட்டது. மரம் உண்மையில் உட்கொண்ட வாயுவை அளக்கும் வேறு முறையும் பின்னர் வந்திருக்கிறது. வறண்ட நாடுகளுக்கு அதுவே பொருத்தம்.

இந்தியாவில் இவ்விஷயம் மரங்களைவிடத் தானியப் பயிர்களிலேயே அதிகம் ஆராயப்பட்டிருக்கிறது. கங்கைச் சமவெளியில், காசி இந்து சர்வகலாசாலையில், மேற்புறம் திறந்த கூண்டுகளுக்குள் கரி வடிகட்டியால் சுத்தப்படுத்திய காற்றில் வளர்ந்த கோதுமை, சாதாரணக் காற்றில் வளர்ந்ததைவிட அதிக மகசூல் தந்தது. ஒரே வயலில் விதைத்த வெவ்வேறு ரகங்கள் வெவ்வேறளவு நஷ்டமடைவதும் காணப்பட்டது.

மரங்களிலும் அவ்வாறே. சான் பெர்னார்டினோவில் மொட்டையாகி நின்ற பைனுக்குப் பத்தடி தூரத்தில், அதே ஜாதியின் வேறொரு மரம் அடர்ந்த இலையுடன் நின்றதுண்டு. விஸ்கான்சினிலும் சில ஆஸ்பென் வகைகள் தாழ்ந்துபோக, தாங்கும் வகைகள் அவ்விடத்தைப் பற்றிக்கொண்டு வளர்ந்தமையால், கடைசி வருஷங்களில் வட்டத்தின் மொத்த விளைவு ஓரளவு சரிப்பட்டது. ஆகையால் தாங்கும் தாய்மரங்களிலிருந்து விதை எடுக்கலாம் என்ற யோசனை எழுகிறது. அது நல்ல யோசனையே; ஆனால் ஓசோனைத் தாங்கும் மரம் வறட்சியையோ வண்டையோ தாங்கும் என்று சொல்வதற்கில்லை. ஒன்றிரண்டு தாய்மரங்களின் விதையைக் கொண்டே ஒரு காட்டை நிரப்புவதைவிட, இலை தழைத்து நிற்கும் பல மரங்களிலிருந்து கலந்து எடுப்பது மேல்.

பெரிய நகரத்துக்கோ அனல் நிலையத்துக்கோ காற்று வீசும் பக்கத்தில் கன்று நட்டவர்கள், மழைக்கு முந்திய வெயில் மாதங்களில் பதினைந்து நாளுக்கு ஒரு முறை அடியிலைகளைப் பார்ப்பது நன்று. புள்ளி கண்ட தேதி, இலை எந்த வரிசையிலுள்ளது, முந்திய வாரத்தின் வெயிலும் காற்றின் திசையும், கடைசியாகத் தண்ணீர் பாய்ச்சிய நாள் ஆகியவற்றை ஒரு குறிப்புப் புத்தகத்தில் எழுதி, புள்ளியுள்ள இலைகள் சிலவற்றைக் காகிதங்களுக்கிடையே அழுத்தி உலர்த்தி, அக்குறிப்போடு பக்கத்திலுள்ள வன இலாகா அல்லது விவசாய இலாகா அலுவலகத்தில் சேர்ப்பிக்கலாம். பச்சை இலையை ஈரத்துடன் பொட்டலங் கட்டினால் வழியிலேயே பூஞ்சணம் பிடித்து, பார்ப்பவருக்கு ஒன்றும் விளங்காமற் போகும்.